ஆறாவது பத்து

பாலக்காடு
12 ஏப்ரல் 2020, ஈஸ்டர்

அன்புள்ள ஜிஸ்மிக்கு,

மரியே வாழ்க. இங்கே நான் நலம். அங்கே அப்பா, அம்மா, வினோ, நீ என எல்லாத் தலைகளும் நலமா? தலையை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது கடிதம் முடிவதற்குள் புரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத மருமகளுக்கு நாத்தனார் கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. தோட்டத்து லயத்து வீடுகளில் டவர் கிடைப்பதில்லை, ரோட்டு வளைவு வரைக்கும் வந்து பேசினால் போலீஸ் விரட்டுகிறது என்று தம்பி வினோ சொன்னான். அந்த வீட்டில் கடிதம் எழுதக்கூடிய ஆள் நீ ஒருத்திதான். வினோவுக்குப் பேனாவைப் பார்த்தாலே காய்ச்சல் வரும். அப்பாவோ 'சுகம்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு, அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று மூடி வைத்துவிடுவார்.

ஜிஸ்மி, இங்கே நடப்பதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்! நான் வேலை பார்ப்பது தலைக்காய வார்டு என்று உனக்குத் தெரியும். மார்ச் வரைக்கும் கட்டிலுக்குக் கட்டில் நடக்க வழி இருக்காது. பைக்கிலிருந்து விழுந்தவன், பைக் வந்து இடித்தவன், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு தலையைத் திறந்து போட்டுப் போனவன். ஊரடங்கு வந்தது, ஒரே வாரத்தில் வார்டு காலி. வாளையார் ரோட்டில் ஈ காக்கை இல்லை. இத்தனை வருஷ சர்வீஸில் இப்போதுதான் மத்தியானச் சோற்றைச் சூடாகச் சாப்பிடுகிறேன்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. இப்போது வேறு மாதிரித் தலைகள் வரத் தொடங்கிவிட்டன. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மொட்டைமாடித் தொட்டி கழுவப் போனவர், சக்கை பறிக்கப் பலாமரத்தில் ஏறிய பேங்க் மேனேஜர். நேற்று கோவிந்தாபுரத்துப் பக்கமிருந்து குப்பண்ணன் என்று ஒரு விவசாயி வந்தார். மாங்காய் பறிக்க வழக்கமாக வரும் ஆட்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். மரம் கொள்ளாத காய். பொறுக்க மாட்டாமல் இந்த வயதில் தானே ஏறிவிட்டார். அவர் மனைவி மருதாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க சிஸ்டர், மாங்கா போனா அடுத்த வருசம் காய்க்குமுங்க. இந்த மனுசன் போனா காய்ப்பாருங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நல்லவேளையாகத் தோள் எலும்போடு போயிற்று. ஸ்கேன் எடுத்தோம், தலைக்குள் ஒன்றும் இல்லை.

ஆகவே இது என் உத்தரவு. நம் வீட்டில் ஒருவரும் மரத்தில் ஏறக் கூடாது, சக்கையானாலும் சரி, மிளகானாலும் சரி. ஏலத்தோட்டத்தில் நிழல் மரங்களைக் கவாத்து செய்கிற காலம் இது. கம்பத்து ஆட்கள் வர வழியில்லை என்று முதலாளி வினோவை ஏறச் சொல்வார். ஏறினால் மண்டையை நானே வந்து உடைப்பேன் என்று சொல்லிவிடு.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முத்தங்கள்.

உன் மைனி,
அன்னமேரி

*

ஆனைக்கரை
6 மே 2020

அன்புள்ள மைனிக்கு,

மரியே வாழ்க. அத்தை, மாமா, இவர், நான், ஆக நான்கு தலைகளும் நலம். உங்கள் தலை நலமா?

மைனி, உங்கள் கடிதம் வந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர் கூச்செறிகிறது! கோயில் பூட்டிக் கிடக்கிறது, சாமியார் வருவதில்லை. இருபது வருஷமாக லயத்தில் மாதா சிலை வைத்த கெபியில் செபம் சொல்லும் உபதேசியார் மாமா சும்மா இருப்பாரா? திருவிழாவுக்குக் கட்டும் ஒலிபெருக்கிக் குழாயை எடுத்துக் கெபி பக்கத்துப் பலாமரத்தில் கட்டுவோம், நான் இங்கே செபமாலை சொல்கிறேன், சனங்கள் அவரவர் வாசலில் நின்று பதில் சொல்லட்டும் என்று மாமா ஒரு யோசனை சொன்னார். லயமே துள்ளிக் குதித்தது. இவர் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதி மரம் ஏறிவிட்டார். அந்த நிமிஷம் தபால்காரர் வருகிறார்! நான் மரத்தடியில் நின்றபடியே சத்தமாக வாசித்தேன்.

அத்தை போட்ட சத்தத்தில் பலா இலை உதிர்ந்திருக்கும். "ஏலே, எறங்குலே! ஒன் அக்கா காயிதம் போட்டுருக்கா!"

"பாதி வந்தாச்சும்மா, கட்டிட்டு எறங்குதேன்."

"கட்டவும் வேண்டாம் முட்டவும் வேண்டாம், எறங்குலே!"

இறங்கினார். மாமாவும், "நர்ஸம்மா உத்தரவு போட்டாச்சு, மீறப்படாது" என்று சொல்லிவிட்டார். குழாயைக் கெபி முகப்பில் உத்தரத்தில் தாழக் கட்டினோம். அதற்கு நேர் கீழேதான் மாமா முழந்தாளிட்டுச் செபம் சொல்கிற இடம்.

தினமும் பொழுது சாயும்போது தொடங்குகிறார். ஐந்து பத்து அருள் நிறை மரியே, ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் ஒரு கருத்தைச் சொல்லி ஒப்புக்கொடுக்கிறார். முதல் பத்து பாப்பரசருக்கு, இரண்டாவது நோயாளிகளுக்கு, மூன்றாவது மழைக்கும் தோட்டத்துக்கும், நான்காவது மரித்த ஆன்மாக்களுக்கு, ஐந்தாவது வீட்டைவிட்டுத் தூரத்தில் இருப்பவர்களுக்கு. மூன்று லயமும் வாசலில் நின்று பதில் சொல்லும்போது மலையே செபிக்கிற மாதிரி இருக்கிறது. வண்டிப்பெரியாறில் என் அம்மா வீட்டில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

முதலாளி கவாத்துக்கு இவரைக் கூப்பிட்டார். இவர் உங்கள் கடிதத்தைக் காட்டிவிட்டு வந்துவிட்டார்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து நடந்தது. அதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று மாமா செபமாலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். சத்தியம் வாங்கியதை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, அதனால் இந்த அளவுக்கு எழுதிவிட்டேன். மீதி நேரில்.

உங்கள் அன்பு,
ஜிஸ்மி

*

பாலக்காடு
21 மே 2020

அன்புள்ள ஜிஸ்மிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் பொய். எனக்குத் தலைகால் புரியவில்லை! என் கடிதம் வினோவைப் பாதி மரத்திலிருந்து இறக்கிவிட்டதா? டியூட்டி அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் டாக்டர், "நாம் ஆபரேஷன் செய்து காப்பாற்றுகிறோம், சிஸ்டர் அஞ்சல்தலை ஒட்டிக் காப்பாற்றிவிட்டார்" என்றார். அன்று முழுவதும் தரையில் கால் பாவவில்லை.

வார்டு மறுபடி நிறைகிறது. ஆனால் ரோட்டிலிருந்து யாரும் வருவதில்லை, எல்லாம் வீட்டுத் தலைகள். மதுக்கடை மூடியதும், வருஷக்கணக்காகக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்த வேண்டி வந்து, வலிப்பு கண்டு வாசற்படியில் மோதி வந்தார்கள். குடித்து விழுந்தவர்களைப் பார்த்த எனக்குக் குடிக்காமல் விழுந்தவர்களைப் பார்ப்பது புதிது. பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள் பட்டம் விட்டு மாடியிலிருந்து விழுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வேறு. சின்ன அடி பட்டவர்கள் எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

அது என்ன கூத்து? எனக்கு மண்டை காய்கிறது. சத்தியத்தை மீற வேண்டாம், ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். யாரும் எங்கிருந்தும் விழவில்லையே?

எல்லாத் தலைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்னமேரி

*

ஆனைக்கரை
8 ஜூன் 2020

அன்புள்ள மைனிக்கு,

மரியே வாழ்க. இங்கே மழை தொடங்கிவிட்டது, சளி காய்ச்சல் ஒருவருக்கும் இல்லை. உங்களுக்கு மாஸ்க்கைப் போட்டுப் போட்டுக் காது வலிக்கிறது என்று இவர் சொன்னார். இத்துடன் இரண்டு துணி மாஸ்க் வைத்திருக்கிறேன், என் கல்யாணப் பாவாடையில் வெட்டியது. நீலம் உங்களுக்கு.

யாரும் எங்கிருந்தும் விழவில்லை மைனி. மாதா சத்தியம். மரத்திலிருந்து, ஏணியிலிருந்து, படியிலிருந்து, எதிலிருந்தும் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது ஸ்டூல்மேல் ஏறி உப்பு டப்பா எடுக்கக்கூட அத்தையின் அனுமதி வேண்டும்.

மாமா நன்றாக ஓய்வெடுக்கிறார். மத்தியானத்தில் தூங்கவே மாட்டார் என்பீர்களே, இப்போது சாப்பிட்டதும் படுத்துவிடுகிறார். தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் செபம் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியமுத்து அண்ணன் அதைப் பார்த்து, உபதேசியார் கொரோனா போக ஒறுத்தல் எடுத்திருக்கிறார் என்று தானும் துண்டு கட்டிக்கொண்டார். இந்த வாரம் எங்கள் லயத்து ஆண்கள் எல்லோரும் தலைக்கட்டுதான். கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளைக் கூட்டம் மாதிரி இருக்கிறது!

செபத்துக்கு நேரமாயிற்று. குழாய் கூப்பிடுகிறது.

ஜிஸ்மி

*

பாலக்காடு
27 ஜூன் 2020

அன்புள்ள ஜிஸ்மிக்கு,

மரியே வாழ்க. நீல மாஸ்க் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எல்லாச் சிஸ்டர்களும் எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்கள். வாங்க முடியாது, அதற்கு ஒரு நல்ல மருமகள் வேண்டும் என்று சொன்னேன்.

இன்று பார்த்ததை எழுதியே ஆக வேண்டும். மாமரத்திலிருந்து விழுந்த குப்பண்ணன் நினைவிருக்கிறதா? ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினோமே, அவரை நேற்று மறுபடி கொண்டுவந்தார்கள். மருதாத்தாள் சொன்னார்: "கறந்த மாட்டையே மறுக்கா கறக்கப் போறாருங்க சிஸ்டர். இப்பத்தானுங்க கறந்தீங்கன்னு சொன்னா, ஆமான்னு ஊட்டுக்குள்ள வந்துட்டு, திரும்பச் சொம்பத் தூக்கறாருங்க. தோட்டத்து நெனப்புலயே இருக்கறாருன்னு நானும் உட்டுட்டனுங்க."

ஸ்கேனில் பார்த்தால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே வாரக்கணக்கில் துளித்துளியாகக் கசிந்த இரத்தம், ஒரு பக்கம் முழுக்க! அடிபட்ட அன்று தெரியாது. மெல்லமெல்லச் சேர்ந்து மூளையை அமுக்கும். தலைவலி, தூக்கம், பிறகு இப்படிச் செய்ததையே செய்வது. கவனிக்காமல் விட்டால் ஒருநாள் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டார்கள். டாக்டர் மண்டையில் சின்னத் துளை போட்டார். என்ஜின் ஆயில் மாதிரிக் கறுப்பாக வந்தது. இன்று காலை அந்த மனுஷர் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?" மருதாத்தாள் அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான். போன உயிர் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வருவதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலைக்கு வந்தேன் ஜிஸ்மி.

நாளையிலிருந்து எனக்குக் கொரோனா வார்டு டியூட்டி. கடிதம் தாமதமானால் பயப்பட வேண்டாம்.

அன்னமேரி

*

ஆனைக்கரை
30 ஜூன் 2020

அன்புள்ள மைனிக்கு,

மரியே வாழ்க. உங்களிடமிருந்து கடிதம் காணோம். டவுனில் ஒரு பகுதியை அடைத்திருக்கிறார்கள், தபால் அங்கே தேங்கிக் கிடக்கிறதாம். நீங்கள் நலம்தானே? பதிலுக்குக் காத்திராமல் நானே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே அற்புதம் நடக்கிறது!

மாமாவின் செபமாலை வளர்ந்துகொண்டே போகிறது. ஐந்து பத்து முடிந்து மாதா பிரார்த்தனைக்குப் போக வேண்டிய இடத்தில், ஒருநாள் ஆறாவது பத்தைத் தொடங்கினார். சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்கள். மறுநாள் ஏழு. நேற்று எத்தனை என்று எண்ண முடியவில்லை. மழையில் நனைந்துகொண்டே எல்லோரும் முழந்தாளிட்டார்கள். "உபதேசியாருக்குத் தரிசனம் கெடச்சிருக்கு, அவரு நிறுத்துத வரைக்கும் நாம நிறுத்தக் கூடாது" என்கிறார் பெரியமுத்து அண்ணன். அடுத்த எஸ்டேட்டிலிருந்து வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டின புருஷன் புனிதராகிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் இருக்காது?

ஆனால் ஒன்று. திரும்பத் திரும்ப அவர் ஒப்புக்கொடுப்பது ஒரே கருத்துக்காகத்தான். அது என்ன என்று எழுத மாட்டேன், உங்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

செபம் முடிந்து வரும்போது ஒரு காலில் செருப்பு இருக்கிறது, ஒரு காலில் இல்லை. என்ன மாமா என்றால் சிரிக்கிறார். முந்தாநாள் என்னை அன்னமேரி என்று கூப்பிட்டார். உங்கள் நினைப்பு அவருக்கு அவ்வளவு.

மைனி, எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது எனக்கு மட்டும் ஏனோ இது சரியாகப் படவில்லை. புதுப் பெண், நான் என்ன சொல்ல? சீக்கிரம் எழுதுங்கள்.

ஜிஸ்மி

*

பாலக்காடு
10 ஜூலை 2020

ஜிஸ்மி,

உன் கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. எஸ்டேட் பங்களா போனுக்கு அடித்துப் பார்த்துவிட்டேன், காற்றில் கம்பி அறுந்து கிடக்கிறதாம். எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஒரு நோயாளியைக் குமுளியில் விட வருகிறது. டிரைவர் ஜிதின் நல்ல பையன். இதை உன் கையில் கொடுத்துவிட்டு வண்டியோடு நிற்பான்.

அது தரிசனம் இல்லை. அப்பாவின் தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தலைக்கட்டு, பகல் தூக்கம், செருப்பு, சொன்னதையே சொல்வது, எல்லாம் ஒன்றுதான். குப்பண்ணனைப் பற்றி நான் எழுதியது வந்ததோ இல்லையோ, அவருக்கும் இதேதான். அப்பா தலையில் எங்காவது இடித்துக்கொண்டாரா? மாதக்கணக்கு ஆகியிருந்தாலும் சரி, டாக்டரிடம் சொல்.

இன்றே கோட்டயத்துக்குக் கொண்டுபோ. இங்கே வேண்டாம், அவ்வளவு தூரம் தாங்காது. ஸ்கேன் எடுக்கச் சொல். அவர் வர மாட்டார், அம்மா அழுவாள், ஊர் தடுக்கும். யாருக்கும் பயப்படாதே. நான் கொரோனா டியூட்டியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், வர வழியில்லை. எனக்கு அங்கே இருப்பது நீ ஒருத்திதான்.

அன்னமேரி

*

கோட்டயம்
13 ஜூலை 2020

அன்புள்ள மைனிக்கு,

மாமா நலம்! முதலில் அதை எழுதிவிடுகிறேன். இவர் போனில் சொல்லியிருப்பார், ஆனாலும் நடந்ததை நான் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்?

ஆம்புலன்ஸ் லயத்துக்குள் வந்தபோது செபம் நடந்துகொண்டிருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஓடிப்போய் இவரிடமும் அத்தையிடமும் சொன்னேன். அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இவர் மாமாவிடம் போய், "அப்பா, எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். மாமா, "செபம் முடியாம எப்படிலே எந்திரிக்க?" என்றார். அந்தச் செபமோ முடிகிற செபம் இல்லை, சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. தூக்கலாம் என்றால் பெரியமுத்து அண்ணன் குறுக்கே வந்து நின்றார். "வேண்டுதல்ல இருக்கவரத் தொடாதீங்க. தொட்டா லயத்துக்கே சாபம்."

மைனி, எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. மாமா கையிலிருந்த மைக்கை வாங்கினேன். மூன்று லயத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "இது வேண்டுதல் இல்ல. குழாய் கட்டுன வாரத்துல, மாமா செபம் முடிச்சு எந்திரிக்கும்போது இந்தக் குழாயோட இரும்பு விளிம்பு அவரு மண்டைல இடிச்சுது. நான் பார்த்தேன். முட்டையளவு வீங்குச்சு. எண்ணெய் தேய்ச்சுட்டுச் சிரிச்சோம். அந்த அடிதான் இப்ப உள்ளுக்குள்ள இரத்தமா நிக்குதுன்னு மைனி எழுதியிருக்காங்க. நாமெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அவரக் கொல்லுதோம்!"

மாமா என்னைப் பார்த்தார். "எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணுனியேம்மா" என்றார். "எழுதல மாமா, மைக்குலதான் சொன்னேன்" என்றேன்.

அப்போதும் அவர் எழவில்லை. செபத்தை நடுவில் விட்டு எழுந்து அவருக்குப் பழக்கமே இல்லையே. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. செபத்தை முடித்துவைத்தால் எழுந்துவிடுவார்! நானே மாதா பிரார்த்தனையைத் தொடங்கினேன். எனக்குப் பாதிதான் மனப்பாடம், உதறலில் அதுவும் மறந்துவிட்டது. தெரிந்ததைச் சொன்னேன். ஒரு வாசலிலிருந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் வந்தது. பிறகு எல்லா வாசல்களிலிருந்தும். மாமாவும் சொன்னார். கடைசியில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக எழுந்தார். எழும்போது பெரியமுத்து அண்ணன் பாய்ந்து வந்து, குழாய்க்கும் மாமா தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

விடிந்ததும் ஆபரேஷன். உள்ளே தேங்கிய இரத்தம் கறுப்பாக வந்ததாம். இன்னும் ஓரிரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். கண் திறந்து மாமா கேட்டது என்ன தெரியுமா? "மைக்க அணைச்சீங்களா? பேட்டரி போயிரும்." அணைக்கவில்லை மைனி. அத்தை அழுதது, இவர் அழுதது, ஆம்புலன்ஸ் போனது, எல்லாம் குழாயில் லயம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

அந்தச் சத்தியத்தின் காரணத்தை இப்போது சொல்லலாம். அன்று மாமா என்னிடம் சொன்னது இதுதான். "மரத்துல கட்டாதன்னு அவ சொன்னா, கீழ கட்டுனோம். அது இடிச்சுதுன்னு தெரிஞ்சா, தன்னாலதான்னு அவ மனசு ஒடஞ்சு போவா. வேலைல கை நடுங்கும். எழுதாத." நான் விழவில்லை என்று எழுதியது பொய் இல்லை. ஆனால் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

ஜிஸ்மி

*

பாலக்காடு
20 ஜூலை 2020

என் ஜிஸ்மிக்கு,

டியூட்டி முடிந்து தனியறையில் அடைத்திருக்கிறார்கள். உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன். கதவுக்கு வெளியே சாப்பாடு வைக்க வந்த சிஸ்டர் பயந்துவிட்டாள்.

உன்னை எதற்குத் திட்ட? திட்டு எனக்குத்தான். ஊரெல்லாம் மரத்திலிருந்து விழுகிறது என்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உத்தரத்தைப் பார்க்கவில்லை. என் உத்தரவு ஒரு தலையைக் காப்பாற்றியது என்று டியூட்டி அறையில் குதித்தேனே, அது இன்னொரு தலையில் போய் இடித்திருக்கிறது. மனசு உடையும் என்று அப்பா சொன்னது சரிதான், உடைந்தது. ஆனால் கை நடுங்கவில்லை என்று அவரிடம் சொல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து எது?

உன் மைனி,
அன்னமேரி

*

ஆனைக்கரை
16 ஆகஸ்ட் 2020

அன்புள்ள மகள் அன்னமேரிக்கு,

மரியே வாழ்க. அப்பா சுகம்.

இத்தோடு நிறுத்திவிடுவேன் என்று நினைத்திருப்பாய். ஜிஸ்மி பக்கத்தில் நின்று, ஒரு பக்கமாவது எழுதாவிட்டால் சோறு இல்லை என்கிறாள். இந்த வீட்டில் இப்போது உத்தரவு போட இரண்டு பேர் ஆகிவிட்டார்கள்.

தையல் ஆறிவிட்டது. தலைவலி இல்லை. முடி பாதிதான் முளைத்திருக்கிறது, உன் அம்மா பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். மழை பலம், ஏலக்காய் அழுகுகிறது. குழாயைக் கெபிக் கூரைக்கு மேலே ஏற்றிவிட்டோம். வினோ ஏணி வைத்து ஏறினான், கீழே நான்கு பேர் ஏணியைப் பிடித்தார்கள், அவன் தலையில் பெரியமுத்துவின் ஹெல்மெட். உன் உத்தரவை மீறியது அவ்வளவுதான்.

உன் பேச்சைக் கேட்டுக் கீழே கட்டியதால்தான் இடித்தது என்று நீ அழுததாக ஜிஸ்மி சொன்னாள். உன் பேச்சைக் கேட்காமல் அன்று வினோ மேலே போயிருந்தால்? நல்ல பேச்சைக் கேட்டாலும் குனிந்துதான் எழ வேண்டும். நிமிர்ந்து எழுந்தது நான். அதற்கு நீ அழுவானேன்?

நேற்று மாதா திருநாள். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் செபமாலை சொன்னேன். ஐந்து பத்தும் ஒழுங்காக முடிந்தது, விரலால் மணியைத் தொட்டுத் தொட்டுத்தான் எண்ணினேன். பிரார்த்தனைக்கு வாயெடுத்தேன். பெரியமுத்து அவன் வாசலிலிருந்து, "உபதேசியாரே, ஆறாவது?" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜிஸ்மியைப் பார்த்தேன். "நீங்க முடியாம இருக்கும்போது திரும்பத் திரும்பச் சொன்ன பத்து, மாமா. நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்பவும் சனங்க அதை விடல, தினமும் பெரியமுத்து அண்ணன் சொன்னாரு, அவங்க பதில் சொன்னாங்க" என்றாள். என்ன கருத்து என்று கேட்டேன். காதில் சொன்னாள். உனக்கு எழுத மறுத்துவிட்டாளாமே. நீங்கள் எழுதுங்கள் என்று என்னிடம் தள்ளிவிட்டாள்.

நான் சொன்னது எனக்கு ஒரு துளியும் நினைவில்லை மகளே. மாதா சத்தியமாக இல்லை. அதனால் மைக்கை மறுபடி வாய்க்குப் பக்கத்தில் வைத்து, நல்ல நினைவோடு, மூன்று லயமும் கேட்க, முதல்முறை சொல்வது போலச் சொன்னேன்:

"ஆறாவது பத்து. பாலக்காட்டில் ஊரார் தலைகளைக் காக்கும் என் மகள் அன்னமேரிக்காக."

பதில் சொன்னார்கள். அந்தச் சத்தத்துக்குக் குழாயே தேவைப்படவில்லை.

அப்பா,
ஆசீர்வாதம்